மூன்றாவது பேஸை விட மனசில்லாத டுவேன்

டுவேன் கிராஸ்மன் பால் லாரி ஓட்டுகிறவர். பெல்விக் ஊரைச் சுற்றி எத்தனை மாட்டுப் பண்ணை உண்டோ அத்தனைக்கும் போய், தொட்டியில் கிடக்கிற பாலைக் குழாய் போட்டு உறிஞ்சி, சீஸ் ஆலையில் கொண்டுபோய் இறக்குவது வேலை. பாலோடு சேர்த்து ஊர்ச் செய்தியையும் ஏற்றி இறக்குவார். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் பாலைவிட அதைத்தான் பொறுப்பாகச் செய்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். பெல்விக் பேஸ்பால் அணியில், அடித்தவன் ரன்னுக்காகச் சுற்றி ஓடுகிற நாலு முனைகளில் ஒன்றான மூன்றாவது பேஸில் காவல் நிற்கிறவர். அணி என்றால் காசு வாங்கி ஆடுகிற அணி இல்லை. ஒருவர் வெல்டர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இன்னொருவர் செத்தவர்களை அலங்கரித்துப் பெட்டியில் வைக்கிறவர். ஆனால் மினசோட்டா மாநிலத்தில் ஒரு ஊருக்கு சர்ச்சும் மதுக்கடையும் பேஸ்பால் அணியும் இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரன் அதை ஊர் என்றே சொல்ல மாட்டான்.

இருபது வயதில் டுவேன் அந்த மூன்றாவது பேஸுக்கு வந்தார். அதற்கு முன் அங்கே நின்றவர் எல்ராய் பாம்கார்ட்னர். இடம் போன பிறகு எல்ராய் ஊரை விட்டுப் போகவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. கோட்டுக்கு வெளியே, மூன்றாவது பேஸுக்கு நேர் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். கையில் ஒரு பீர், மடியில் ஒரு சாசேஜ் பன். டுவேன் பந்தை விடும்போதெல்லாம் "நான் பிடிச்சிருப்பேன்" என்று சொல்வதற்காகவே கடவுள் அவருக்கு ஆயுளைக் கொடுத்திருந்தார்.

இந்த வருஷம் ஜூன் மாதத்தோடு டுவேனின் மட்டைக்கும் பந்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. வாரா வாரம் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவார், வாரா வாரம் மட்டையை இழுத்துக்கொண்டு வருவார். ஒரு வாரம் முதுகு என்றார். அடுத்த வாரம் வெயில் என்றார். அதற்கடுத்த வாரம் புது ஷூ கடிக்கிறது என்றார். அந்த ஷூ வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது என்று அவர் மனைவி ஜோலீன் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் கல்லூரியிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்து சேர்ந்தான் டானர் எக்லண்ட். பத்தொன்பது வயசு. எக்லண்ட் பண்ணை வீட்டுப் பையன். அவனும் மூன்றாவது பேஸ்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. காலையில் காபிக்கடையில் உட்கார்ந்தால் இதே பேச்சுதான்.

"அனுபவம்னு ஒண்ணு இருக்குடா. நாலு வாரம் அடிக்கலேன்னு ஒருத்தனைத் தூக்கிப் போட்டுருவியா?" என்றார் வாத்தியார்.

"பசு பாலை நிறுத்திட்டா பாசத்துக்காக எத்தனை நாள் தீனி போடுவே?" என்றார் ஒரு பண்ணைக்காரர்.

"பசுன்னா மறுபடி கன்னு போடும், மறுபடி கறக்கும். கொஞ்சம் பொறுக்கணும்."

மூலையிலிருந்து எல்ராய் பன்னைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "டுவேன் எப்போ கன்னு போடப் போறானாம்?"

கடை முழுக்கச் சிரித்தது. வெளியே லாரியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்த டுவேனும் எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார். தெரிந்த பிறகு காபி குடிக்காமல் போனார்.

அவருடைய வயிற்றெரிச்சலுக்கு ஒரு கூடுதல் காரணம் இருந்தது. எக்லண்ட் பண்ணை அவர் லாரி போகிற வழியில் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த முற்றத்தில் போய் நின்று, குழாயை மாட்டி, பால் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பையன் மாட்டுக்கொட்டகைச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருப்பான். தட், தட், தட். சுவரில் ஒரே இடத்தில் சாயம் உரிந்திருந்தது. சுவரில் அவ்வளவு இடம் இருக்கும்போது ஒரே இடத்தில் எறிவது திமிர் இல்லாமல் வேறென்ன என்று டுவேனுக்குத் தோன்றும்.

"குட்மார்னிங் சார்!" என்பான் பையன்.

"சாரும் மோரும் எதுக்குடா? டுவேன்னு கூப்பிடு."

"சரி சார்."

பையனின் அம்மா ஷெரில் காபியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். "நேத்து ராத்திரி முழு கோழியத் தின்னுட்டான் டுவேன். அப்பவும் பாருங்க, இடுப்பு நூல் மாதிரி இருக்கு. எங்க போகுதோ!"

எங்கே போகிறது என்று டுவேனுக்குத் தெரியும். தோளுக்குப் போகிறது. அவர் சாப்பிட்டது எங்கே போகிறது என்பதும் அவருக்குத் தெரியும். பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கே தெரியும்.

பையன் மட்டையைச் சுழற்றிப் பழகும் நாட்களில் டுவேன் ஒரு வேலை செய்வார். சரியாக மட்டை திரும்பும் நேரம் பார்த்து லாரி ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவார். மாடுகள் மிரளும், கோழிகள் பறக்கும். பையன் மட்டும் மிரள மாட்டான். பந்து போய் முற்றத்தில் கட்டிய வலையில் விழுந்த பிறகு திரும்பிப் பார்த்துக் கையசைப்பான். சார் போயிட்டு வரேன் என்று சொல்கிறார் என்று அவன் நினைப்பு.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அவன்தான். ஜோலீன் வீட்டின் கீழறையில் முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். ஒரு நாள் டுவேன் இறங்கி வந்தபோது நாற்காலியில் டானர் உட்கார்ந்திருந்தான். தரையில் ஒரு ஆட்டுக்குப் போதுமான முடி கிடந்தது.

"எவ்ளோ அடர்த்தி பாரு! என் சீப்பே உடைஞ்சிடும் போல," என்றாள் ஜோலீன்.

டுவேன் தன் தொப்பியைக் கழற்றாமலேயே மேலே ஏறிப்போனார். ராத்திரிச் சாப்பாட்டின்போதும் தொப்பி தலையில்தான் இருந்தது.

"என்ன, அந்தப் பையனைப் பாத்துப் பொறாமையா?" என்று ஜோலீன் கேட்டாள்.

"எனக்கா? அந்தப் பொடிப்பயலைப் பாத்தா? எதுக்கு?"

"இல்ல, உருளைக்கிழங்கை இப்படிக் குத்திக் கொல்றியே, அதான் கேட்டேன்."

டுவேனின் பிறவிக் குணம் அது. பக்கத்து வீட்டுக்காரன் புதுப் படகு வாங்கினால் ஒரு மாதம் ஏரிப் பக்கமே போக மாட்டார். கேட்டால் மீன் அலுத்துவிட்டது என்பார். வயிறு எரிந்து புகை காது வழியாக வந்தாலும், பொறாமை என்கிற ஒரு வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து யாரும் பிடுங்கியதில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? லாரி இருக்கிறது, பண்ணைகள் இருக்கின்றன. போகிற இடமெல்லாம் அவராகவே பேச்சை எடுப்பார். "நல்ல பையன்தான். நேரா வர்ற பந்தைக் கிழிச்சிடுவான். ஆனா வளைஞ்சு வந்துச்சுன்னு வையி, தண்ணிக்குள்ள சோப்பைத் தேடுற மாதிரி தேடுவான். பாவம்."

இது அவராகக் கட்டிய கதை. பையன் வளைந்து வரும் பந்தை அடித்து அவர் பார்த்ததில்லை, விட்டும் பார்த்ததில்லை. ஆனால் சொல்லச் சொல்ல அவருக்கே உண்மையாகிவிட்டது. இந்தச் சரக்கை இறக்கிய பண்ணைகளில் கென்னி வோபியின் பண்ணையும் ஒன்று. கென்னி பக்கத்து ஊரான லேக் ஹெரால்ட் அணிக்குப் பந்து வீசுகிறவன் என்பது அந்த நேரத்தில் டுவேனுக்கு நினைவில் இல்லை. இருந்திருந்தாலும் நிறுத்தியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் வந்தது. பெல்விக்கும் லேக் ஹெரால்டும் மோதும் கடைசி ஆட்டம். ஜெயிக்கிற ஊர் மாநிலப் போட்டிக்குப் போகும். பெல்விக் மாநிலப் போட்டிக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. டுவேன் ஒரு தடவைகூடப் போனதில்லை. அவர் காலத்தில் அணி கிட்டே போகும், வழுக்கி விழும். அந்தப் போட்டியில் மூன்றாவது பேஸில் ஒரு நாளாவது நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து நிற்கட்டும். இதுதான் அவருடைய ஒரே ஆசை. எத்தனை பேரிடம் சொன்னார் என்றால், மாடுகளுக்கும் தெரியும்.

அணியை நடத்துகிறவர் ஆர்னி. ஜோலீனின் கூடப்பிறந்த அண்ணன். பயிர்க் காப்பீடு விற்கிறவர். ஆலங்கட்டி மழையைப் பற்றிப் பேசினாலும் வாடிக்கையாளர் மனசு நோகாமல் பேசுவார். ஆட்டத்தன்று காலையில் தங்கைக்குப் போன் போட்டார்.

"ஜோ, நீயே அவன்கிட்ட பக்குவமா சொல்லிடேன்."

"என்னன்னு?"

"இன்னிக்கு பையன் ஆடட்டும்னு."

"நீ உக்கார வைக்கிற ஆளு, நீ சொல்லு. எனக்கு அவன்கூட ஒரே வீட்ல இருக்கணும்," என்று போனை வைத்துவிட்டாள்.

அதனால் ஆர்னி பெட்ரோல் பங்கில் டுவேனைப் பிடித்தார். டுவேன் கையில் பெட்ரோல் குழாய் இருந்ததால் ஓட முடியாது, அடிக்கவும் முடியாது.

"மச்சான், முதுகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இல்ல, போன மாசம் வலிக்குதுன்னியே."

"இப்ப வலிக்கல."

"வலிச்சாலும் வலிக்கும். அதான், இன்னிக்கு கொஞ்சம் உக்காந்து பாரேன். மாநிலப் போட்டிக்கு ஃப்ரெஷ்ஷா இருப்பே. அங்க நீதான், சத்தியமா. இந்த ஒரு ஆட்டம் பையன் ஓடட்டும்."

டுவேன் ஆர்னியையே முறைத்துக்கொண்டு நின்றார். தொட்டி நிரம்பி பெட்ரோல் ஷூவில் வழிந்தது. ஆர்னி கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆட்டம் நடந்த மைதானத்தில் இடதுபக்க வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்காடு. கொசு பாரபட்சம் இல்லாமல் இரண்டு ஊரையும் கடித்தது. டுவேன் பெஞ்சின் ஓரத்தில் சூரியகாந்தி விதைகளைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம், வழக்கமாக மைதானத்தைப் பார்க்கிற எல்ராய் இன்று தன் நாற்காலியை நகர்த்தி, பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்தார்.

"உக்காந்து பாத்தா ஆட்டம் நல்லா தெரியுதில்ல, டுவேன்?"

"வாய மூடுய்யா."

"பழகிடும். நானும் முதல்ல இப்படித்தான் துப்பிக்கிட்டு இருந்தேன்."

ஏழாவது சுற்று. பெல்விக்கும் லேக் ஹெரால்டும் ஆளுக்கு மூன்று ரன். ஒரு ஆள் பேஸில் இருக்கும்போது டானர் மட்டையோடு போனான். எதிரில் பந்து வீசுகிறவன் கென்னி வோபி. கென்னி ஒரு சிரிப்புச் சிரித்தான். பால் லாரி இறக்கிவிட்டுப் போன ரகசியம் கையில் இருக்கிறவனின் சிரிப்பு. நேர்ப் பந்து எறியவே இல்லை. மணிக்கட்டைத் திருகி, வளைந்து இறங்குகிற பந்தை விட்டான்.

சத்தத்தைக் கேட்டதுமே டுவேனுக்குத் தெரிந்துவிட்டது. காய்ந்த விறகு பிளக்கிற சத்தம். பந்து வேலியைத் தாண்டி, சோளக்காட்டின் முதல் வரிசையைத் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது; பேஸில் இருந்தவனுக்கும் டானருக்குமாக இரண்டு ரன். கென்னி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெல்விக் பெஞ்சைப் பார்த்துக் கத்தினான்: "டுவேன்! வளைஞ்சு வந்தா சோப்பைத் தேடுவான்னு சொன்னே!"

பெஞ்சில் எல்லாரும் டுவேனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஆர்னி தொடையில் தட்டிச் சிரித்தார். "அடப்பாவி! பொய்யைச் சொல்லி அவனைக் கவுத்துட்டியா! மூளைடா உனக்கு!"

டுவேன் ஒரு விதையை விழுங்கிவிட்டார், தோலோடு.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பையன் இப்படி வேலி தாண்டி அடித்து முதல் ஹோம் ரன் எடுத்துவிட்டு பெஞ்சுக்கு ஓடி வந்தால் ஒருத்தரும் அவனைப் பார்க்கக் கூடாது. ஷூ கயிறு கட்டணும், வானத்தைப் பார்க்கணும், கொசு அடிக்கணும். பையன் கையை நீட்டிக்கொண்டு அசடு வழிய நிற்பான். அப்புறம் ஆட்டக்காரர்களில் வயதில் பெரியவர் எழுந்து அவன் தலையில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றுவார். ஊற்றியதும் எல்லாரும் பாய்ந்து அவனை அமுக்கி, அடித்து, கொண்டாடுவார்கள். பெரியவர் ஊற்றும் வரை ஒருவரும் அவனிடம் வாயைத் திறக்கக் கூடாது. அது சட்டம்.

பெல்விக் ஆட்டக்காரர்களில் வயதில் பெரியவர் டுவேன்.

பையன் வந்து நின்றான். பல் எல்லாம் தெரிந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. தண்ணீர்க் கோப்பை டுவேனின் கையில் இருந்தது. எல்லாரும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார்கள்.

டுவேன் அந்தக் கோப்பைத் தண்ணீரைத் தானே குடித்தார்.

மெதுவாக, மடக்கு மடக்காக. காகிதக் கோப்பையை நசுக்கிக் கீழே போட்டார். சோளக்காட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பக்கத்தில் வெல்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இப்படி ஒரு நடிப்பை பெல்விக் பார்த்ததே இல்லை. டுவேன் நடிக்கவே இல்லை என்பது டுவேனுக்கு மட்டும்தான் தெரியும். எழுந்திருக்க முயன்றுதான் பார்த்தார். முழங்கால் சம்மதித்தது, வயிற்றெரிச்சல் விடவில்லை.

எட்டாவது சுற்று வந்தது. அணி மைதானத்துக்குள் போனது, அப்போதும் யாரும் பையனோடு பேசவில்லை. பெரியவர் இன்னும் ஊற்றவில்லையே! பெல்விக் ஐந்து, லேக் ஹெரால்ட் மூன்று. இரண்டு பேர் அவுட், இரண்டு பேஸில் ஆள். அப்போது ஒருவன் பந்தைச் செங்குத்தாக வானத்தில் அடித்தான். ரொம்பச் சுலபமான பந்து. டானருக்கும் அவன் பக்கத்தில் நிற்கிற வெல்டருக்கும் நடுவில் இறங்குகிறது. யார் பிடிக்கிறாரோ அவர் "எனது!" என்று கத்த வேண்டும், மற்றவர் விலக வேண்டும். குழந்தை ஆட்டத்திலேயே சொல்லிக்கொடுப்பது.

வெல்டர் வாயைத் திறந்தார். சட்டம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். டானர், பெரியவங்க கூப்பிடுவாங்க என்று வெல்டரைப் பார்த்தான். இருவரும் மரியாதையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து இருவர் நடுவிலும் பொத்தென்று விழுந்தது. இரண்டு பேர் ஓடி வந்து ரன் எடுத்தார்கள். ஐந்துக்கு ஐந்து.

பந்து பையனின் காலடியில் விழுந்த அந்த நொடி டுவேனின் நெஞ்சுக்குள் ஐஸ்கிரீம் இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த நொடி, போனது பெல்விக்கின் ரன் என்பது உறைத்தது. ஆனாலும் அந்த முதல் நொடி இனிப்பாகத்தான் இருந்தது.

அணி திரும்பி வந்ததும் ஆர்னி தொப்பியைத் தரையில் அடித்தார். "மச்சான், போதும் உன் தமாஷு! தண்ணிய ஊத்தித் தொலை!"

டுவேன் எழுந்தார். கோப்பையைத் தேடவில்லை. பீர் குளிர வைத்திருந்த ஐஸ் வாளியை இரண்டு கையாலும் தூக்கினார். ஐஸ், தண்ணீர், உள்ளே கிடந்த இரண்டு பீர் டின் எல்லாவற்றையும் சேர்த்து பையன் தலையில் கவிழ்த்தார். சும்மா சொல்லக்கூடாது, கோடை முழுக்கச் சேர்த்து வைத்ததை அதில் கொட்டினார். பையன் மூச்சு முட்டி நின்றான். பெஞ்சு முழுக்கப் பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டது. "டுவேன் மாதிரி ஒரு ஆளு கிடையாதுடா!" என்று வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுங்கிக்கொண்டே பையன் சொன்னான்: "தாங்க்ஸ் சார்."

ஒன்பதாவது சுற்று, கடைசி. பெல்விக் அடிக்கிற முறை. ஒரு ரன் எடுத்தால் கதை முடிந்தது. முதல் ஆள் அவுட். அடுத்து ஈர உடையோடு போன டானர் ஒரு அடி அடித்து, இரண்டாவது பேஸில் போய் நின்றான். பின்னால் வருகிறவர் வெல்டர்.

பேஸில் இருப்பவன் ஓடும்போது பின்னால் பந்து எங்கே என்று திரும்பிப் பார்க்க முடியாது. அதைப் பார்த்துச் சொல்வதற்காக மூன்றாவது பேஸ் பக்கத்தில் சொந்த அணி ஆள் ஒருவர் நிற்பார். கையைச் சுழற்றினால் ஹோமுக்கு, அதாவது ரன் கிடைக்கிற கடைசி முனைக்கு, ஓடு. இரண்டு கையையும் தூக்கினால் நில். பெல்விக்கில் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இத்தனை வருஷத்தில் டுவேன் அதைச் செய்ததே இல்லை. இன்று அவர்தான் நின்றார்.

"கைய நல்லா ஆட்டு டுவேன்," என்றார் முதுகுக்குப் பின்னால் எல்ராய். "அதுக்கு முழங்கால் தேவையில்ல."

வெல்டர் அடித்தார். பந்து இடதுபக்கமாக உருண்டது. லேக் ஹெரால்டின் ஆள் ஓடி வந்து அதைப் பொறுக்கினான். டானர் மூன்றாவது பேஸை நோக்கி வந்தான். ஈரச் சட்டை உடம்போடு ஒட்டி, தொப்பி பறந்து, அந்த முடி காற்றில் நின்றது. அவன் கண் முழுக்க டுவேன் மேல் இருந்தது. அந்த ஊரில், அந்த நேரத்தில், அந்தப் பையன் எங்கே ஓட வேண்டும் என்பது டுவேனின் இரண்டு கைகளில் இருந்தது.

பந்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அந்த ரன் எடுத்தால் ஊர் அவனைத் தோளில் தூக்கும். ஆர்னியின் பெட்ரோல் பங்கு சத்தியம் அந்தத் தோளுக்கு முன்னால் என்ன ஆகும்? பந்து கிட்டே இருக்கிற மாதிரியும் இருந்தது. எறிகிறவன் கை வலு உள்ள கை. தான் ஓடினால் கட்டாயம் அவுட். கணக்கு இதில் எங்கே முடிந்தது, வயிறு எங்கே தொடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கையும் மேலே போய்விட்டன.

"நில்லு! நில்லுடா!"

பையன் நிற்கவில்லை. அவர் கையின் கீழே குனிந்து, அவர் மூக்கைத் தொட்டுவிடுகிற மாதிரி வளைந்து, ஓடினான். ஹோமில் புழுதி கிளப்பிச் சறுக்கி, எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். பந்து அப்புறம்தான் வந்து சேர்ந்தது. அவுட் இல்லை என்று கையை விரிக்கக்கூட அம்பயர் அவசரப்படவில்லை.

பெல்விக் ஜெயித்தது. கார் ஹாரன்கள் கத்தின. பையனைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். டுவேன் மட்டும் அதே இடத்தில், கையை எப்போது இறக்கலாம் என்று தெரியாதவர் போல நின்றார்.

கூச்சல் கொஞ்சம் அடங்கியதும் ஆர்னி வந்தார். பின்னாலேயே அணியும் வந்தது. ஜோலீனும் வந்தாள். பையனும் வந்தான்.

"மச்சான், அது என்ன? அவன் பாதி தூரம் போயி, உக்காந்து, ஒரு பீர் குடிச்சிட்டுப் போயிருந்தாலும் அவுட் ஆயிருக்க மாட்டான். நீ கையத் தூக்குறே?"

டுவேன் தொப்பியைச் சரிசெய்தார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார் ஆர்னி. எப்போதும் பூசி மெழுகுகிற ஆள், இன்று நேராகக் கேட்டார். "மட்டை பேசல, சரி. அது எல்லாருக்கும் வரும், போகும். அதுக்காக உன்னை நான் தூக்க மாட்டேன், காலைலயே சத்தியம் பண்ணேன். பொறாமைல பண்ணியா? சொல்லு, ஒரு பெட்டி பீர் வாங்கிக் குடுத்துடு, மறந்துடறேன். நானா இருந்தாலும் எனக்கும் எரிஞ்சிருக்கும். மாநிலப் போட்டில நீதான் மூணாவது பேஸு. ஆனா நிஜமாவே அவன் அவுட் ஆவான்னு உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னா, அது வேற விஷயம். பந்து எங்க, ஆளு எங்கன்னு தெரியாதவனை நான் அங்க நிறுத்த முடியாது. எது?"

எல்லாரும் காத்திருந்தார்கள். ரொம்பச் சுலபமான கேள்வி. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் சிரிப்பார்கள், முதுகில் தட்டுவார்கள், ஒரு பெட்டி பீரோடு போகும். ஆயுசு முழுக்கக் கேட்ட மாநிலப் போட்டி, மூன்றாவது பேஸ், எல்லாம் அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தது. டுவேன் வாயைத் திறந்தார். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

அப்போது டானர் சொன்னான், முகம் சிவக்க, ரொம்ப நல்ல பையனாக: "பரவாயில்ல சார். என்னைப் பாத்து உங்களுக்கு அப்படி இருந்தா எனக்கு அது பெருமைதான்."

டுவேன் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். முடி, தோள், நூல் இடுப்பு, பல்.

"உன்னைப் பாத்தா? எனக்கா? எதுக்குடா?" என்றார். ஆர்னி பக்கம் திரும்பினார். "கண்ணுதான். கண்ணு சரியாத் தெரியல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்தத் தடவை அது வழக்கத்துக்காக இல்லை.

"அப்ப சரி, மச்சான்," என்றார் ஆர்னி, குரல் இறங்கி. அவர் தோளில் கையை வைத்தார். "அப்ப பையன்தான்."

வாத்தியார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், துக்க வீட்டில் குலுக்குகிற மாதிரி. செத்தவர்களை அலங்கரிக்கிறவரும் குலுக்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் டுவேன் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தபோது ஜோலீன் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

"எதுக்கு?"

"கண்ணு தெரியாதவனை நான் ஓட்ட விட மாட்டேன். நாளைக்குப் பண்ணை பண்ணையா வேற கேப்பாங்க, பால் லாரிக்காரனுக்கு என்ன ஆச்சுன்னு. டாக்டரைப் பாக்கணும்."

"ஜோ..."

"தெரியுதா, தெரியலையா? ஒண்ணு சொல்லு. தெரியுதுன்னா இப்பவே ஆர்னியக் கூப்பிடறேன், இன்னும் அங்கதான் நிக்கிறான்."

டுவேன் சாவியைக் கொடுத்தார். சுற்றிப்போய் மறுபக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அவள் வண்டியை எடுத்தாள். ஊர் எல்லையில், சோளக்காட்டுக்கு அப்பால் வெகு தூரத்தில், ஒரு மரத்தில் யாரோ சின்ன அட்டையில் ஏதோ எழுதி மாட்டியிருந்தார்கள். விற்பனைக்குப் பூனைக்குட்டிகள், சாம்பல் நிறம் இரண்டு, வெள்ளை ஒன்று, எக்லண்ட் பண்ணை, டானரைக் கேட்கவும். ஒவ்வொரு எழுத்தும் அவருக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

"அங்க என்ன எழுதியிருக்கு?" என்று ஜோலீன் கேட்டாள்.

"எங்க?" என்றார் டுவேன்.